ஒரே இடத்தில் திரும்பி வரும் கட்டி

கேள்வி: என் தம்பிக்கு வயது 32. ஆறு வருடங்களுக்கு முன் இடது தோளில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் செம்பழுப்பாக ஒரு தடிப்பு வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. 'கீலாய்டு', அதாவது தழும்பு மிஞ்சி வளரும் தடிப்பு, என்று சொல்லி ஊசி போட்டார்கள், அடங்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் வெட்டி எடுத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இப்போது அதே தழும்பின் ஓரத்தில் இரண்டு மூன்று முடிச்சுகளாகத் திரும்ப வந்திருக்கிறது. மேலாக ஒரு துண்டு எடுத்துப் பார்த்ததில் 'டெர்மட்டோஃபைப்ரோமாவாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டருக்குத் திருப்தியில்லை. ஆழமாக எடுத்து இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்பினார். அதில் 'டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபெரன்ஸ், சிடி34 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. இது புற்றுநோயா? எந்த ரிப்போர்ட் தப்பு? கீமோ கொடுப்பார்களா? எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

பின்குறிப்பு: எங்கள் அத்தைக்கு வயது 64. மேல் இமையில் ஒரு கட்டி, இரண்டு முறை கீறி எடுத்தும் திரும்ப வருகிறது. சாதாரண கண் கட்டிதானே? அதையும் பார்க்க வேண்டுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அத்தையின் கண் கட்டிதான் எனக்குத் தம்பியின் தோளைவிட அதிகக் கவலை தருகிறது. அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இப்போது தம்பி. பெயரே ஆளை மிரட்டும் பெயர்தான், பிரித்துப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். 'டெர்மா' தோல், 'ஃபைப்ரோ' நார், 'சார்கோமா' என்பது இணைப்புத் திசுவில் வரும் புற்று, 'புரோட்டுபெரன்ஸ்' என்றால் புடைத்து நிற்பது. தோலின் நார்த்திசுவில் தோன்றிப் புடைத்து வளரும் கட்டி என்று பொருள். 1924-இல் ஃபிரான்ஸில் டாரியேயும் ஃபெராண்டும் இதை விவரித்தார்கள், அடுத்த ஆண்டு ஜெர்மனியின் எரிக் ஹாஃப்மன் இந்தப் பெயரை வைத்தார். நாங்கள் பேச்சில் டிஎஃப்எஸ்பி என்று சுருக்கிவிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அபூர்வமானது. அமெரிக்கக் கணக்கில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு நான்கு பேர் என்ற அளவில்தான் வருகிறது. ஒரு பொது மருத்துவர் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம்.

புற்றுநோயா என்றால், ஆம், அந்தக் குடும்பம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் மனதில் எழும் படம் இதற்குப் பொருந்தாது. வழக்கமான டிஎஃப்எஸ்பி உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிகக் குறைவு, நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. உயிரைப் பறிப்பது அதைவிடக் குறைவு. இதன் குணம் வேறு: இருந்த இடத்திலேயே, தோலுக்கு அடியில், சத்தமில்லாமல் வேர்விடும். கண்ணுக்குத் தெரியும் முடிச்சு ஒன்று, தெரியாத வேர் பல. முடிச்சை மட்டும் வெட்டினால் வேரிலிருந்து மறுபடி கிளம்பும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

கீலாய்டு என்று முதலில் நினைத்ததைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோளும் மார்பும் இரண்டுக்குமே பிடித்தமான இடங்கள். டிஎஃப்எஸ்பி பெயரில்தான் புடைப்பு இருக்கிறது, ஆரம்பத்தில் தட்டையாக, சில சமயம் சற்றே குழிந்துகூட இருக்கும். தொட்டால் ரப்பர் போல் கெட்டியாக இருக்கும். தோலோடு ஒட்டியிருக்கும், அடியிலுள்ள தசைமேல் நகரும். முடிச்சுகள் கிளம்ப வருடக்கணக்காகலாம். ஆனால் இரண்டு குறிப்புகள் அப்போதே கையில் இருந்தன. கீலாய்டுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு காயமோ, பருவோ, ஊசித் தடமோ இருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. கீலாய்டு அரிக்கும், ஸ்டீராய்டு ஊசிக்குக் கொஞ்சமாவது தணியும். இது இரண்டும் செய்யவில்லை. சரி, இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு உட்கார்ந்து சொல்வது எவருக்கும் சுலபம். எனக்கு வருத்தம் ஊசி போட்டதில் இல்லை. வெட்டி எடுத்ததை ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்) பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பைக்கு அனுப்பியதில்தான்.

எந்த ரிப்போர்ட் தப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். நான் இப்படிப்பட்ட துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும் நோயியல் மருத்துவர், ஒரு சிலைடை உங்கள் கண்முன் வைத்தால்தான் இது புரியும்.

தோலிலிருந்து எடுத்த துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, நான்கைந்து மைக்ரான் கனத்துக்குச் சீவப்பட்டு, சாயமேறிக் கண்ணாடித் தகட்டில் எங்களிடம் வரும். தலைமுடி ஒன்றின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்தச் சீவல். கருக்கள் நீலம், மற்றவை இளஞ்சிவப்பு. புதிதாய்ச் சேரும் மாணவர்கள் உடனே பெரிய லென்ஸுக்குத் தாவுவார்கள். நான் தடுப்பேன். முதலில் சிறிய லென்ஸில் மொத்தத்தையும் பார்க்க வேண்டும், ஊருக்குள் இறங்குமுன் மேட்டில் நின்று பார்ப்பதுபோல.

மேலே மேல்தோல் மெல்லிய நாடாவாக ஓடுகிறது. அதற்குக் கீழே குறுகலாக, கட்டிச் செல் இல்லாத ஒரு பட்டை. அதற்கும் கீழே நூல் நூற்கும் கதிர் போல இருபக்கமும் கூர்ந்த, ஒல்லியான செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அச்சு அசல் அதேதான். அவை ஓடும் விதத்துக்கு 'ஸ்டோரிஃபார்ம்' என்று பெயர். லத்தீனில் 'ஸ்டோரியா' என்றால் பாய். பெயர் வைத்தவர் பாய் முடைவதைப் பார்த்திருக்க வேண்டும். குறுகிய கற்றைகள் ஒரு மையத்திலிருந்து சுழன்று கிளம்பி, பக்கத்துச் சுழலில் போய்ச் செருகிக்கொள்ளும். பல தோல் கட்டிகளில் இந்தப் பின்னல் அங்கங்கே தென்படும், இதில் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே சீராக ஓடும்.

வியர்வைச் சுரப்பியையும் மயிர்க்காலையும் இவை அழிப்பதில்லை. வெள்ளத்தில் மரங்கள் நிற்பதுபோல அவை நடுவில் அப்படியே நிற்கும், செல்கள் சுற்றிக்கொண்டு போகும்.

சிலைடை இன்னும் கீழே நகர்த்துங்கள். உள்தோல் முடிந்து கொழுப்பு அடுக்கு வருகிறது. தயாரிப்பில் கொழுப்பு கரைந்துவிடுவதால் கொழுப்புச் செல்கள் வெறும் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். சாதாரணமாக இந்த வட்டங்களுக்கு இடையே இருப்பது மயிரிழைச் சுவர்தான். டிஎஃப்எஸ்பியில் அந்தச் சுவர்களுக்குள் ஒல்லிச் செல்கள் வரிசை கட்டிப் புகுந்துவிடும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி வளைத்து, தேன்கூடு போலவே ஆக்கிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்ததும் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கட்டி ஏன் திரும்ப வருகிறது என்பதற்கும் இதுவே காரணம், கையால் தடவிப் பார்த்தால் இந்த மெல்லிய வரிசைகள் தட்டுப்படவே படாது.

இனி டெர்மட்டோஃபைப்ரோமாவைப் பாருங்கள். அது சாது, புற்று இல்லை. பெரும்பாலும் காலில், ஒரு சென்டிமீட்டருக்குள், பழுப்பாக இருக்கும். இரு விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் நடுவில் குழி விழும். நுண்ணோக்கியில் அதற்கு மேலுள்ள மேல்தோல் தடித்து, கருமை ஏறியிருக்கும். செல்கள் பல தினுசு: ஒல்லியானவை, உருண்டையானவை, கொழுப்பை விழுங்கி நுரைத்தவை, இரும்புக் கறை படிந்தவை, பல கருக்கள் கொண்ட பெரியவை. ஓரத்தில் தடித்த கொலாஜன் (தோலுக்கு உறுதி தரும் நார்ப் புரதம்) கற்றைகளைச் செல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பிடித்திருக்கும். ஒன்று சந்தைக் கூட்டம், மற்றது சீருடை அணிந்த படை.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஏன் குழப்பம்? அந்தத் தேன்கூடு கொழுப்பில்தான் இருக்கிறது, முதல் துண்டோ மேலாக எடுத்தது. கொழுப்பே இல்லாத துண்டில் ஒல்லிச் செல்களின் பின்னல் மட்டும் தெரியும், அது இரண்டுக்கும் பொது. முதல் ஆய்வகம் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியது, உறுதியாகச் சொல்லவில்லை. என் பார்வையில் அது தப்பான ரிப்போர்ட் இல்லை, முடிவுபெறாத ரிப்போர்ட். 'ஆழமான துண்டு தேவை' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் முழுமையாகியிருக்கும்.

அந்த ஒரு வரியின் விலை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணியின் வயிற்றுத் தோலிலிருந்து மிளகு அளவுக்கு ஒரு துண்டு வந்தது. நான் 'டெர்மட்டோஃபைப்ரோமா' என்று திட்டவட்டமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருடம் கழித்து அதே பெண்மணியின் பெயரில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலும் கொழுப்புமாக வந்து இறங்கியது, டிஎஃப்எஸ்பி. பழைய சிலைடைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மேல்தோல் தடிக்கவே இல்லை. நுரைத்த செல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே அச்சு. துண்டு சிறியது என்பதைவிட, அதில் இருந்ததை நான் பார்க்கவில்லை என்பதுதான் உறுத்தியது. அன்றிலிருந்து கொழுப்பு இல்லாத துண்டில் ஒல்லிச் செல் கட்டி வந்தால் அந்த வரியை எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் டாக்டர் திருப்தியில்லாமல் மறுபடி எடுத்தாரே, அவருக்கு என் சார்பில் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

சிடி34 பற்றி: அது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அதற்கென உள்ள சாயம் ஏற்றினால் டிஎஃப்எஸ்பி செல்கள் பழுப்பாக ஒளிரும், டெர்மட்டோஃபைப்ரோமா பொதுவாக ஏற்காது. அதற்கு ஃபேக்டர் 13ஏ என்ற இன்னொரு சாயம் பிடிக்கும். ஆனால் சிடி34 இரத்தக் குழாய்ச் சுவரிலும் உண்டு, வேறு சில கட்டிகளிலும் உண்டு. சாயத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்ட முடியாது. தேன்கூடும் பின்னலும் சாயமும் ஒன்றாகச் சேர்ந்தால் சந்தேகம் தீரும். அப்படியும் தீராவிட்டால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை இருக்கிறது.

அந்தச் சோதனை தேடுவது எதை என்று சொன்னால் உங்கள் பரம்பரைக் கேள்விக்கும் பதில் வந்துவிடும். 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. முதலாவதில் கொலாஜன் தயாரிக்கும் மரபணு, நார்த்திசுச் செல்லில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு. இரண்டாவதில் செல்லை வளரச் சொல்லும் ஒரு வளர்ச்சிக் காரணி. அடுப்பின்மேல் இதைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? செல் தனக்குத்தானே ஓயாமல் 'வளர், வளர்' என்று உத்தரவு போட்டுக்கொள்ளும். இந்த இடமாற்றம் தம்பியின் தோளில், ஒரு செல்லில், பிறந்த பிறகு நேர்ந்தது. கட்டிக்கு வெளியே அவர் உடலில் எங்கும் அது இல்லை. உங்களுக்கோ, உங்கள் பிள்ளைகளுக்கோ, தம்பியின் பிள்ளைகளுக்கோ வழிவழியாக வராது.

கீமோவும் அநேகமாக வேண்டியிருக்காது. வழக்கமான கீமோ மருந்துகளுக்கு இது பெரிதாக மசிவதில்லை. நான் மேலே சொன்ன உத்தரவைச் செல்லின் வாசலிலேயே தடுக்கும் மாத்திரை ஒன்று உண்டு: இமாட்டினிப். இரத்தப் புற்று ஒன்றுக்காக வந்த மருந்து, 2006-இல் அமெரிக்காவில் டிஎஃப்எஸ்பிக்கும் அனுமதி பெற்றது. வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ, பரவியிருந்தாலோ அதை யோசிப்பார்கள். தோளில் இருக்கும் கட்டிக்கு முதல் வைத்தியம் கத்திதான்.

எவ்வளவு அகலமாக வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெரியும் கட்டியைச் சுற்றி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலையும், ஆழத்தில் தசையின் மேலுறை வரையும் சேர்த்து எடுப்பது ஒரு முறை. பழைய தழும்பும் முழுதாக அதோடு வர வேண்டும். எடுத்ததன் ஓரங்களில் மை பூசி, கட்டிச் செல் அந்த மையைத் தொடுகிறதா என்று நாங்கள் பார்ப்போம். இதில் ஒரு பலவீனம் உண்டு. ரொட்டியை வில்லை போடுவதுபோல் குறுக்கே சீவிப் பார்க்கிறோம், வில்லைக்கும் வில்லைக்கும் நடுவில் ஒரு வேர் ஓரத்தைத் தொட்டிருந்தால் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்காகத்தான் மோஸ் முறை. 1930-களில் ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தொடங்கியது. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் அடிப்பரப்பையும் ஓரத்தையும் முழுக்கப் பார்த்து, எந்தப் பக்கம் வேர் மிச்சமிருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் மறுபடி எடுப்பார்கள். டிஎஃப்எஸ்பியின் வேர் வட்டமாகப் போவதில்லை, ஒரு பக்கம் நாக்கை நீட்டும். அதனால் இந்த முறை இதற்கு நன்றாகப் பொருந்தும், திரும்ப வருவதும் குறையும். எட்டும் தூரத்தில் கிடைத்தால் நான் அதையே சொல்வேன். கிடைக்காவிட்டால், ஓரங்கள் முழுவதையும் பார்த்துச் சொல்லும் நோயியல் மருத்துவர் இருக்கும் இடமாகத் தேடுங்கள்.

வெட்டும் முன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், மறுபடி வந்த கட்டி என்பதால் அது அவசியம். இன்னொன்றை அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட் வரும்வரை பக்கத்துத் தோலைத் திருப்பிப் போட்டுக் குழியை மூடுவதைத் தள்ளிவைக்க முடியுமா என்று. அவசரப்பட்டுத் திருப்பிவிட்டால், மிச்சமிருந்த வேர் எந்த மூலைக்குப் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, ஓரத்துக்கும் கட்டிக்கும் உள்ள தூரம் மில்லிமீட்டரில் இருக்கிறதா, குறிப்பாக ஆழத்தில். இரண்டாவது, 'ஃபைப்ரோசார்கோமா மாற்றம்' என்று எங்காவது எழுதியிருக்கிறதா. பத்தில் ஒன்று அல்லது அதற்குச் சற்று மேலான டிஎஃப்எஸ்பிகளில் ஒரு பகுதி குணம் மாறிவிடும். பாய்ப் பின்னல் மறைந்து, மீன் முள் போலச் சாய்ந்த நீளமான கற்றைகள் வரும், பிளவுபடும் செல்கள் கூடும், சிடி34 சாயம் மங்கும். நுரையீரலுக்குப் பரவும் அபாயம் பெரும்பாலும் இந்த வகையில்தான். அந்தச் சொல் இருந்தால் நெஞ்சுக்கு ஸ்கேன் எடுப்பார்கள், கண்காணிப்பும் இறுக்கமாக இருக்கும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறை தழும்பைக் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை. திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள். ஆனால் பத்தாண்டு கழித்து வந்ததும் உண்டு, ஆகவே 'ஐந்து வருடம் ஆகிவிட்டது' என்று தம்பி போகாமல் இருந்துவிடக் கூடாது. மெழுகில் பதிந்த துண்டுகளும் சிலைடுகளும் இரண்டு ஆய்வகத்திலும் இருக்கும். அறுவை நடக்கும் இடத்துக்கு அவற்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அத்தை விஷயம். மேல் இமையில் வரும் சாதாரணக் கட்டி, இமைக்குள் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொள்வதால் வருவது. எந்த வயதிலும் வரும், கீறினால் போகும், சிலருக்கு வேறு இடத்தில் மறுபடி வரும். ஆனால் அறுபது தாண்டியவருக்கு, அதே இமையில், அதே புள்ளியில், மூன்றாம் முறை என்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது செபேஷியஸ் கார்சினோமா. அதே எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று. இதுவும் அபூர்வம்தான், ஆனால் ஆசியர்களின் இமைப் புற்றுகளில் இதன் பங்கு மேலை நாட்டினரைவிட அதிகம். டிஎஃப்எஸ்பி போல இது பொறுமைசாலி இல்லை. காதுக்கு முன்னால் உள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும், அங்கிருந்து மேலும் போகும். வேடம் போடுவதிலும் கெட்டிக்காரன்: ஒருவருக்குக் கட்டியாக, இன்னொருவருக்கு மாதக்கணக்கில் ஆறாத ஒற்றைக் கண் சிவப்பாக. அத்தையின் இமையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கட்டி இருக்கும் இடத்தில் இமை மயிர் கொட்டியிருக்கிறதா? மஞ்சள் சாயல் தெரிகிறதா? காதுக்கு முன்னால் விரல் வைத்தால் ஏதாவது தட்டுப்படுகிறதா? இவை எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது.

நுண்ணோக்கியில் இதன் செல்கள் நுரை பொங்கியதுபோல் இருக்கும். அந்த நுரை கொழுப்பு, அது கருவை நாலாபுறமும் நெருக்கிக் கடித்துவைத்த மாதிரி ஆக்கியிருக்கும். கட்டியின் நடுவில் செத்த செல்கள் குவிந்திருக்கும். எனக்கு இதில் மிகவும் உறுத்தும் காட்சி வேறொன்று. கட்டியிலிருந்து கழன்ற தனிச் செல்கள் இமையின் மேல்தோலுக்குள்ளும் உட்புறச் சவ்வுக்குள்ளும் ஒவ்வொன்றாக நுழைந்து, கட்டியிலிருந்து தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியாது. சுரண்டி எடுத்த துணுக்குகளில் இது பிடிபடாமல் போகலாம். இமையின் முழுக் கனத்துக்கும் ஒரு துண்டு வேண்டும். தேவைப்பட்டால் கட்டியை விட்டுத் தள்ளிச் சவ்விலிருந்தும் நாலைந்து சிறு துண்டுகள் எடுப்பார்கள்.

ஒன்றுமில்லை, வெறும் அடைப்புதான் என்று வந்தால் நல்லது, துண்டு எடுத்தது வீண் என்று யாரும் சொல்லப்போவதில்லை. மூன்றாம் முறையாக வெறுமனே கீறிவிட்டு மட்டும் அனுப்ப விடாதீர்கள். பாட்டிலோடு ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் 'கண் கட்டி' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அங்கே அத்தையின் வயதையும், 'மேல் இமை, மூன்றாம் முறை, அதே இடம்' என்பதையும் எழுதச் சொல்லுங்கள், 'செபேஷியஸ் கார்சினோமா சந்தேகம்' என்றும். அப்படி எழுதி வரும் துண்டைத் தேடிப் பார்க்கும் விதமே வேறு. துண்டு போய்ச் சேரும் அன்றைக்கே தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவைக்க கண் மருத்துவரால் முடிந்தால் இன்னும் நல்லது. கொழுப்புக்கான சில சாயங்களை ஃபார்மலின் படிந்து மெழுகேறிய துண்டில் ஏற்ற முடியாது, ஆகவே ஈரம் காயாமல் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து வைக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.